பெட்டைக்குட்டிகள் போன இடம்

யாழ்ப்பாணத்துத் தமிழில் ‘நலமடித்தல்’ என்றொரு சொல் உண்டு. நாம்பன் கன்று வளர்ந்து ஏருக்கும் வண்டிலுக்கும் பழக்கும் வயதுக்கு வரும்போது அதன் விதையை நசுக்கி எருதாக்குவதற்கு அந்தப் பெயர். ஆட்டுக்கிடாய்க்கும் அது உண்டு. தமிழ்நாட்டில் காயடித்தல் என்பார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் சொல்லும், அதைச் செய்யத் தெரிந்த ஆளும் இருந்த எங்கள் ஊர்களில், நாயை நலமடித்ததாக என் தகப்பன் தலைமுறையில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. நாய் அப்படியே வளர்ந்தது, அப்படியே திரிந்தது, அப்படியே பெருகியது.

பெருக்கத்துக்கு ஒரு கணக்கு இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கு படலைக்கு வெளியே தீர்க்கப்பட்டது. அயல்வீட்டு நாய் குட்டி போட்டதென்று கேள்விப்பட்டு வருகிறவர் கேட்கும் முதற்கேள்வி, “கடுவனோ பெட்டையோ?” என்பதுதான். கடுவன் என்றால் ஆண் நாய், பெட்டை என்றால் பெண் நாய். கடுவன் குட்டிகள் கண் திறக்கும் முன்பே பேசி முடிந்துவிடும். பெட்டைக்குட்டிகளைக் கேட்டு யாரும் வருவதில்லை. பால்குடி மறந்ததும் அவை ஓர் உமலுக்குள்ளோ சாக்குக்குள்ளோ போய்ச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் அடுத்த ஊர் எல்லையிலும் இறங்கின. இதைச் செய்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் வீட்டு நாய்க்குத் தங்கள் சோற்றில் பங்கு வைத்தவர்கள். பெட்டை வளர்த்தால் வருஷத்துக்கு இரண்டு தடவை ஊர்க் கடுவன்களெல்லாம் படலைக்கு முன்னால் கூடும், இராமுழுக்கச் சண்டை பிடிக்கும், பிறகு ஐந்தாறு குட்டி வரும். கடுவன் வளர்த்தால் அந்தக் கரைச்சல் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும். அவ்வளவுதான் கணக்கு.

இன்று ரொறன்ரோவில் எங்கள் பிள்ளைகள் நாய் வளர்க்கிறார்கள். நலமடிப்பதா, விடுவதா என்று அவர்கள் விவாதிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய கணக்கு நினைவுக்கு வருகிறது. சத்திரசிகிச்சை நல்லதா கெட்டதா என்பது மிருகவைத்தியர் சொல்ல வேண்டிய விஷயம். பிறக்கப்போகும் குட்டிக்கு யார் பொறுப்பு என்பது அதற்கு முந்திய கேள்வி. அந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

*

தமிழர் நாயை மதியாதவர்கள் என்று சொல்ல முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமையானது. எருமை மந்தையைக் காத்து விழுந்த வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். பெயரின் விகுதியைப் பார்த்தால் அதுவும் கடுவன்தான். வைரவருக்கு நாய் வாகனம். இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று ஊர்ப் பெயரும் குணப் பெயரும் தாங்கிய இனங்களைத் தென்தமிழகம் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கு வெளியிட்ட நான்கு முத்திரைகளில் ஒன்றில் இராசபாளையம் நிற்கிறது.

அந்த இனங்கள் இன்றும் இருப்பதற்குக் காரணம், அவற்றை வளர்த்தவர்கள் எந்தக் கடுவனை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று பார்த்துச் சேர்த்ததுதான். நலமடிக்காத நாயைப் பொறுப்போடு வைத்திருக்கும் மரபு எங்களுக்கு முற்றிலும் புதியதல்ல. அந்த மரபு கூடத் தவறாத ஒன்றல்ல. குறுகிய வட்டத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்த்ததில் வெள்ளை இராசபாளையங்களில் செவிட்டுக் குட்டிகள் பிறந்தன. ஆனாலும் அங்கே பெட்டைக்கு ஒரு மதிப்பு இருந்தது. இனம் தெரியாத, வீட்டு முற்றத்து நாய்க்குப் பிறந்த பெட்டைக்குத்தான் அது இருக்கவில்லை.

*

தெருவில் இறங்கிய குட்டிகளுக்கு என்ன நடந்தது? பெரும்பாலானவை முதல் மழைக்குள் செத்துப்போயிருக்கும். பிழைத்தவற்றை அரசு கையில் எடுத்துக்கொண்டது.

பம்பாயில் 1832ஆம் ஆண்டு யூன் 6ஆம் திகதி பார்சிகள் வீதிக்கு இறங்கினார்கள். தெருநாய்களைக் கொல்வதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்ததால், காசுக்காக வீட்டு நாய்களையும் பிடித்து அடித்தார்கள் என்பது அவர்களுடைய கோபம். நாய் அவர்களுடைய சமயத்தில் புனிதமானது. அன்று அவர்களுக்குத் திருநாளும்கூட. கடைகள் பூட்டப்பட்டன, நகரம் ஸ்தம்பித்தது, படையை அழைக்க வேண்டி வந்தது. சென்னை மாநகராட்சி 1860இல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. இலங்கையில் 1893இல் விசர்நாய் நோய்க்கான கட்டளைச் சட்டமும் 1901இல் நாய்களைப் பதியும் கட்டளைச் சட்டமும் வந்தன. கழுத்தில் தகடு தொங்கும் நாய் ஒருவருடைய நாய். தகடில்லாத நாயைப் பிடித்து அழிக்கலாம்.

இந்தச் சட்டங்களின் பின்னால் உண்மையான பயம் இருந்தது. விசர்நாய்க்கடிக்கு நோய்க்குறி தோன்றிய பின் மருந்தில்லை. அன்றுமில்லை, இன்றும் இல்லை எனலாம். ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய தடுப்பூசியைத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் வாங்கியவர்களை எங்கள் தலைமுறை நேரில் பார்த்திருக்கிறது. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நாய் நோயால் இறந்தார்கள். நாயைக் கண்டால் வீதியின் மறுகரைக்குப் போகும் எங்கள் பெரியவர்களைச் சிரிக்கும் பிள்ளைகள் அந்த எண்ணை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் சட்டம் ஒன்றைக் கவனிக்கவில்லை. அது நாய்களை உடைமை என்றும் அநாதை என்றும் இரண்டாகப் பிரித்தது. அநாதை நாய் வானத்திலிருந்து விழவில்லை. தகடு கட்டிய நாயின் குட்டிதான் தகடில்லாமல் தெருவில் நின்றது. உமலுக்குள் போட்டுக் கொண்டுபோய் விட்டவரை யாரும் கேட்கவில்லை. குட்டியைத்தான் கேட்டார்கள். வீடுகள் கழித்து எறிந்ததை, நூறு வருடத்துக்கு மேலாக, ஊர்ச் செலவில் நகராட்சிகள் கொன்றுகொண்டிருந்தன.

*

இதை முதலில் உடைத்துச் சொன்ன தமிழ் நகரம் சென்னை. விமானியான கப்டன் வி. சுந்தரம் 1959இல் அங்கே புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது என்ற யோசனையை அந்த அமைப்பு 1960களிலேயே முன்வைத்தது. மாநகராட்சி அதைக் கேட்க முப்பது வருடம் எடுத்தது. அந்த முப்பது வருடத்தின் கணக்கை அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். 1970களின் தொடக்கத்தில் சென்னையில் கொல்லப்பட்ட நாய்களின் தொகை எவ்வளவு பெரியதென்றால், நாய்த்தோலில் கழுத்துப்பட்டியும் பணப்பையும் செய்யலாமா என்று மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் முயன்று பார்த்தது. 1995இல் நாளொன்றுக்கு 135 நாய்கள் என்ற அளவுக்குக் கொலை போனது. நாயும் குறையவில்லை, விசரும் குறையவில்லை.

ஏன் குறையவில்லை? ஒரு தெருவில் பத்து நாய்க்கு எச்சில் இலையும் குப்பைத்தொட்டியும் இருந்தால், ஆறைக் கொன்ற பிறகு மிச்சம் நான்குக்கும் இரண்டரை மடங்கு தீனி. அவற்றின் குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கும். அயல் தெருவிலிருந்தும் புதியவை வந்து சேரும். அவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருக்காது. கொலை நிற்கிற நாள் பழைய எண்ணிக்கை திரும்பும். 1996இல் சென்னை மாநகராட்சி கருத்தடைக்கு மாறியது. 2001இல் இந்திய அரசு அதை நாடு முழுவதற்குமான விதியாக்கியது. 2023இல் அந்த விதி புதுப்பிக்கப்பட்டது. இலங்கை 2006இல் கொல்லாமைக் கொள்கைக்கு வந்தது. தடுப்பூசியும் மனித மருத்துவமும் சேர்ந்து அங்கே விசர்நாய் மரணங்களைச் சில பத்துக்களுக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

ஆனால் கருத்தடை இயக்கங்கள் தெருவைத்தான் பார்க்கின்றன. தெருவுக்குக் குட்டிகளை அனுப்பும் வீடு இன்னும் கணக்கில் இல்லை. 2025 ஓகஸ்ட் 11ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. பதினொரு நாள் கழித்து, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விட்டுவிடலாம் என்று அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு திருத்தியது. நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. அந்தப் பேச்சில் தெருநாயின் தாய் எந்த வீட்டு வாசலில் பிறந்தாள் என்று கேட்டவர்கள் குறைவு.

எங்கள் ஊர்க் கதையில் போரும் சேர்ந்துகொண்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மழை. தோளில் பிள்ளை, சைக்கிளில் மூட்டை. நாய்க்கு இடமில்லை. கட்டியிருந்தவர்கள் அவிழ்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அதுதான் செய்யக்கூடிய பொறுப்பான செயல். அதன் பிறகு வன்னியிலும் அது திரும்பத் திரும்ப நடந்தது. நலமடிக்காத நாய்கள் வெறும் வளவுகளில் பெருகின. திரும்பி வந்தவர்களை முதலில் எதிர்கொண்டவற்றில் அவையும் உண்டு. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயம் நடத்துவதை அந்த வரலாற்றின் தொடர்ச்சியாகத்தான் நான் பார்க்கிறேன்.

*

அகதியாக வந்தவர் நாயோடு வருவதில்லை. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரிடம் உடுத்த உடுப்பைத் தவிரப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களில் பலர் ரொறன்ரோவில் இறங்கிய முதல் இடம் சென் ஜேம்ஸ் ரவுண். ஷேர்போர்னுக்கும் பார்லிமென்ற்றுக்கும் நடுவே, ஹோவார்ட்டுக்கும் வெல்லெஸ்லிக்கும் நடுவே, பல மாடி உயர்ந்த கோபுரங்கள். பழைய விக்ரோரியா காலத்து வீடுகளை இடித்து 1960களில் கட்டினார்கள். தனியாக வாழும் நடுத்தர வர்க்க இளைஞருக்கென்று கட்டியவை. வந்து நிறைந்தவர்கள் நாங்களும் எங்களைப் போன்றவர்களும். 2016 குடிசனக் கணக்கில் அந்தச் சிறு துண்டு நிலத்தில் 18,000க்கும் மேற்பட்டோர்.

நான் அங்கே வந்த காலத்தில் ஓர் அறையில் நாலைந்து பேர் பாய் விரித்துப் படுத்தோம். இரவு வேலைக்காரர் எழும்பிப் போக, பகல் வேலைக்காரர் வந்து அதே பாயில் படுத்தார். நாய் வளர்ப்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பிறகு குடும்பங்கள் வந்தன. ரோஸ் அவெனியூ பள்ளிக்குப் பிள்ளைகள் போனார்கள். பலர் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் வீடு வாங்கிப் போனார்கள். போகாமல் இருந்தவர்களின் பிள்ளைகளும், வாடகை கட்டுப்படியாகாமல் திரும்பி வந்த பிள்ளைகளும்தான் அந்தக் கோபுரங்களுக்குள் தமிழ் நாய்களைக் கொண்டுவந்தார்கள். 2020ஆம் ஆண்டுத் தொற்றுக்காலத்தில் அது பெருகியது.

பெற்றோருக்கு அது பெரிய அதிர்ச்சி. ‘வாடகை வீட்டில் நாய் வைத்திருந்தால் எழுப்பிவிடுவான்’ என்பதே முதற்பயம். பிள்ளைகளுக்குச் சட்டம் தெரிந்திருந்தது. ஒன்ராறியோவின 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வளர்ப்புப் பிராணி கூடாதென்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது செல்லாது என்கிறது. நாய் சேதம் செய்தால், அயலவருக்குத் தொல்லையானால், ஒவ்வாமை கொடுத்தால்தான் வீட்டுக்காரர் வழக்குக்குப் போகலாம். கொண்டோமினியங்களின் விதி வேறு. அங்கே கட்டடத்தின் பிரகடனமே தடுக்கலாம்.

நகராட்சியும் ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாய்க்கும் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பல ஆண்டுகளாகக் கருத்தடை செய்த நாய்க்கு 25 டொலர், செய்யாத நாய்க்கு 60 டொலர் என்ற வித்தியாசம் இருந்து வருகிறது. இலங்கையின் 1901ஆம் ஆண்டுத் தகட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அந்தத் தகடு, நாய் யாருடையது என்று மட்டும் கேட்டது. இந்த லைசென்ஸ், குட்டி வருமா என்றும் கேட்கிறது. வருமென்றால் அந்தச் சாத்தியத்துக்கு 35 டொலர் கூடுதல் விலை. தொகை சிறியதுதான். ஆனால் பெருக்கத்தின் செலவை நாயிடமிருந்து எடுத்து உடைமையாளர் தலையில் வைத்த சட்டம் இது. எங்கள் ஊரில் அப்படியொன்றை யாரும் எழுதவில்லை.

*

அப்படியானால் நலமடிக்காமல் வைத்திருப்பது பொறுப்பில்லாத்தனமா? வட அமெரிக்கா நீண்டகாலம் ஆம் என்றுதான் சொன்னது. 1971இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகராட்சி மலிவான கருத்தடை மருத்துவமனை ஒன்றைத் திறந்ததிலிருந்து, நல்ல உடைமையாளர் என்றால் ஆறு மாதத்தில் சத்திரசிகிச்சை செய்பவர் என்பது ஏறக்குறைய ஒரு வேதவாக்காகவே இருந்தது. அதற்கு நியாயமும் இருந்தது. காப்பகங்கள் நிரம்பி வழிந்தன.

ஸ்கண்டிநேவியா வேறு வழியில் போனது. சுவீடனில் 1988 வரை மருத்துவக் காரணமில்லாமல் நாயை நலமடிப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. நோர்வேயின் சட்டம் இன்றும் தேவையற்ற சத்திரசிகிச்சையை ஏற்பதில்லை. அங்கே பெரும்பாலான நாய்கள் முழுமையான நாய்கள். தெருவில் நாய் இல்லை. கத்தி செய்யாத வேலையை அங்கே கயிறும் வேலியும் சமூகப் பழக்கமும் செய்கின்றன. சத்திரசிகிச்சை இல்லாமலும் பொறுப்பு முடியும் என்பதற்கு அது சாட்சி. கயிறும் வேலியும் பழக்கமும் இல்லாத இடத்தில் முடியாது என்பதற்கு எங்கள் ஊர் சாட்சி.

உடல்நலக் கணக்கும் ஒரு பக்கமாகச் சாயவில்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் 2013இல் கோல்டன் ரிற்றீவர் நாய்களையும் 2020இல் 35 இனங்களையும் ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்கு முன் நலமடித்த பெரிய இன நாய்கள் பலவற்றில் மூட்டு நோய்கள் கூடின. சிறிய இனங்களில் அப்படித் தெரியவில்லை. ஆகவே பெரிய இனத்துக்குக் காத்திருக்கச் சொல்லும் வைத்தியர்கள் இப்போது இருக்கிறார்கள். மறுபக்கம், சுவீடனின் காப்புறுதிப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில் பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடித்திருந்தது. கவனிக்காவிட்டால் அது உயிரை எடுக்கும். முலைப் புற்றைக் கருத்தடை பெருமளவு தடுக்கும் என்று 1969ஆம் ஆண்டு ஆய்வொன்று சொன்னது. 2012இல் அந்த ஆதாரங்களை மீண்டும் எடைபோட்டவர்கள் அவை பலவீனமானவை என்றார்கள். ‘ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு நல்லது’ என்று எங்கள் பெரியவர்கள் சொல்வதற்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை.

இந்த இரண்டு பக்கத்தையும் அறிந்து ஒருவர் தன் நாயை நலமடிக்காமல் வைத்திருக்கலாம். என் கோபுரத்தில் அப்படி ஒரு பெடியன் இருக்கிறான். இங்கே பிறந்தவன். அவனுடைய ஜேர்மன் ஷெப்பர்ட் கடுவன். இரண்டு வயதாகட்டும் என்று வைத்தியர் சொன்னதால் காத்திருக்கிறான். ஒருநாள் லிஃப்ற் திறக்க, உள்ளே ஒரு வயதான அம்மா பாற்பெட்டியோடு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

“தம்பி, இது ஏதும் செய்யுமோ?”

“ஒண்டும் செய்யாது அம்மம்மா. நீங்கள் போங்கோ, நான் அடுத்ததிலை வாறன்.”

கதவு மூடியது. லிஃப்ற் திரும்பி வர ஏழெட்டு நிமிடம் எடுத்திருக்கும். சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தவர்களுக்கு அங்கே லிஃப்ற் வரும் வேகம் தெரியும். அவன் நின்றான். என்னோடு நின்ற இன்னொருவர், என் வயதுக்காரர், பகிடியாகக் கேட்டார்:

“கடுவன்தானே தம்பி, ஏன் இந்தப் பாடு? குட்டி போடப்போறது உன்ரை நாயோ?”

“போடப்போறது என்ரை நாயில்லை அங்கிள். ஆனால் குட்டி என்ரை நாயின்ரை தானே.”

ஊரில் இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. கடுவன் வளர்த்தவர் குட்டிக்குப் பொறுப்பு என்று எந்தப் படலையிலும் யாரும் சொன்னதில்லை.

*

கோபுரத்துக்குள் நலமடிக்காத நாயை வைத்திருப்பது என்றால் என்ன? நான் பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

பெட்டை ஏறக்குறைய ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் முதன்முறை பருவத்துக்கு வரும். பெரிய இனங்கள் இன்னும் பிந்தலாம். பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை அளவில், ஒவ்வொன்றும் மூன்று வாரம். இரத்தப்போக்கு குறைந்ததும் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் அது கடுவனை ஏற்கும். அந்த நாட்களில் கயிறு கையை விட்டு விலகக் கூடாது. ரிவர்டேல் பூங்காச் சரிவில் நாய்களை அவிழ்த்துவிடும் இடம் போன்றவற்றுக்குப் பருவத்தில் இருக்கும் பெட்டையைக் கொண்டுபோகக் கூடாதென்பது நகரின் விதி. ஆளில்லாத நேரம் பார்த்து வெளியே கூட்டிப்போக வேண்டும். ஒரே நாளில் இரண்டு கடுவன் சேர்ந்தால் ஒரே பிரசவத்தில் இரண்டு தகப்பனின் குட்டிகள் பிறக்கலாம். சினைக்காலம் 63 நாள் அளவு. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாய் வழமைக்கு மாறாகத் தண்ணீர் குடித்தால், சோர்ந்து படுத்தால், அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். சீழ் பிடித்த கருப்பை அப்படித்தான் தொடங்கும்.

கடுவனுக்கு இன்னொரு விதமான காவல். பெட்டையின் வாசனை எட்டினால் அது சாப்பாட்டையும் பெயரையும் மறந்துவிடும். திறந்த கதவு போதும், படிக்கட்டால் இறங்கிவிடும். இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிறு என்பது இந்த நகரின் சட்டம். நலமடிக்காத கடுவன் வைத்திருப்பவருக்கு அதுதான் சத்திரசிகிச்சைக்குப் பதிலான ஏற்பாடு. முதுமையில் அதன் முன்னிற்கும் சுரப்பி வீங்கலாம் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். சில நாய்களுக்கு ஒன்ராறியோவில் இந்தத் தெரிவே இல்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் பிற்புல் வகை நாய்களைத் தடைசெய்தபோது, ஏற்கெனவே இருந்தவற்றைக் கருத்தடை செய்து, வாய்க்கூடு போட்டு, கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும் என்றது.

பணமும் ஒரு பகுதி. சத்திரசிகிச்சைக்கு இந்நகரில் நூற்றுக்கணக்கான டொலர் போகும். அந்தக் கோபுரங்களில் மாதக்கடைசியை எண்ணி வாழும் ஒருவர் நாயை நலமடிக்காமல் விட்டிருந்தால் அது கொள்கையாக இருக்க வேண்டியதில்லை, வசதியீனமாக இருக்கலாம். அதனால்தான் நகராட்சியின் பிராணிகள் சேவை குறைந்த செலவுக் கருத்தடைக்கென ஒரு நடமாடும் வண்டியை ஓடவிட்டது. நடக்கும் தூரத்தில், ரிவர் வீதியில், ஜே. ஜே. கெல்சோ 1887இல் தொடங்கிய ரொறன்ரோ மனிதநேயச் சங்கம் இருக்கிறது. குழந்தைகளுக்கும் மிருகங்களுக்கும் நடக்கும் கொடுமையை ஒரே கண்ணால் பார்த்தவர் கெல்சோ. நாலு வருடம் கழித்து குழந்தைகள் நலச் சங்கத்தையும் அவரே தொடங்கினார். உதவி கேட்கப் போவது வெட்கமில்லை என்று எங்கள் ஆட்களுக்கு யாராவது தமிழில் சொல்ல வேண்டும்.

ஊர்க் குட்டிகளை இங்கே எடுப்பித்து வளர்ப்போம் என்று நல்ல மனதோடு கேட்பவர்களும் உண்டு. 2022 செப்ரெம்பர் 28ஆம் திகதியிலிருந்து, விசர்நாய் நோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து தத்தெடுப்புக்காகவோ விற்பனைக்காகவோ நாய் கொண்டுவருவதைக் கனடா தடைசெய்திருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஊர்க் குட்டியின் கணக்கை ஊரில்தான் தீர்க்க வேண்டும். இங்கேயுள்ளவர் அங்கே ஒரு கருத்தடை முகாமுக்குக் காசு அனுப்பலாம். திருவிழாவுக்கு அனுப்புகிறோம், விளையாட்டுக் கழகத்துக்கு அனுப்புகிறோம். இதற்கும் அனுப்பினால் என்ன?

நலமடிப்பதும் விடுவதும் அவரவர் நாயையும் வைத்தியரையும் பொறுத்தது. ஆனால் விடுகிறவர் ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும். நாளை ஆறு குட்டி வந்தால் ஒவ்வொன்றும் எங்கே போகும்? வாங்கியவர் ஒரு வருடத்தில் வேண்டாமென்றால் நான் திருப்பி எடுப்பேனா? கடுவனின் உடைமையாளரும் பெட்டையின் உடைமையாளரும் இதைச் சேர்ந்தே பேச வேண்டும். இந்தப் பதிலை எழுதிக் கையெழுத்து வைக்கக்கூடியவர் தன் நாயை முழுமையாக வைத்திருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. எழுத முடியாதவருக்குக் கத்தியே கருணை.

“கடுவனோ பெட்டையோ?” என்று கேட்டுக் கேட்டே நூறு வருடம் போய்விட்டது. அந்தக் கேள்விக்குப் பெட்டை என்று பதில் வந்த குட்டிகளின் கல்லறை எங்கள் ஊர்களில் எங்கும் இல்லை. ஒவ்வொரு சந்தையடியிலும் அவற்றின் பேரக்குட்டிகள் மட்டும் இன்னும் நிற்கின்றன.